குள்ளத் தாராவைத் தேடி: செட்டிநாட்டுக் கண்மாய்களுக்குப் புதிதாக வருவோருக்கு

பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே நாற்பது ஐம்பது பறவைகளின் பெயரைக் கற்றுக்கொள்ள முயல்வார்கள். அடுத்த வாரம் கொக்கும் நாரையும் மண்டைக்குள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அதற்கடுத்த வாரம் பைனாகுலர் பரணுக்குப் போய்விடும். ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு கண்மாயைச் சுற்றி வாருங்கள் என்பது என் கட்சி. செட்டிநாட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், பூர்வீக வீட்டைப் பார்க்க விடுமுறைக்கு வருகிறவர்கள் என எல்லோருக்கும் பொருந்துகிற பறவை குள்ளத் தாரா. இது வலசைக்காகக் காத்திருக்க வைக்காத காட்டு வாத்து. நீரும் நீர்த்தாவரமும் இருந்தால் ஊரை ஒட்டியே வாழும். தொந்தரவு செய்யாத ஊரில் ஆளைக் கண்டு அதிகம் மிரளாது. இதைப் பற்றி அச்சில் வந்த எழுத்தின் வயது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் அந்தப் பழைய நூல்களில் நம் கண்மாய்களின் பெயர்கள் எளிதில் கிடைக்காது. அந்த இடைவெளியில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாத்து என்றதும் ஆற்றோரம் மேய்க்கப்படும் வீட்டு வாத்தின் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் இதைத் தவறவிடுவீர்கள். குள்ளத் தாரா உலகின் மிகச் சிறிய வாத்துகளில் ஒன்று. புறாவைவிடச் சற்றே பருத்தது, அவ்வளவுதான். அலகு சப்பையாக நீண்டிருக்காது. குட்டையாக, ‘கூஸ்’ எனப்படும் பெருவாத்தின் அலகைச் சிறிதாக்கியது போல இருக்கும்.

ஆணின் முகமும் கழுத்தும் வயிறும் வெள்ளை. உச்சந்தலை கருமை. முதுகு பளபளக்கும் கரும்பச்சை. கழுத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை மாலை போட்டது போல ஓடும். பெண்ணுக்கு அந்தப் பட்டை தெளிவாக இராது. உடல் மங்கிய பழுப்பு, கண்ணின் குறுக்கே ஒரு கருங்கோடு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆணும் ஏறத்தாழ பெண்ணின் கோலத்துக்கு மாறிவிடும். அப்போது இறக்கையைப் பாருங்கள். பறக்கும்போது ஆணின் இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். அது எந்தப் பருவத்திலும் மறையாது. பெண்ணின் இறக்கையிலோ பின்விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டுமே.

குழப்பம் எங்கே வரும்? முக்கியமாக முக்குளிப்பானிடம். அதுவும் சிறியது, அதே கண்மாயில்தான் இருக்கும். ஒரு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். திடீரென்று மூழ்கி வேறோர் இடத்தில் எழுந்தால் அது முக்குளிப்பான். குள்ளத் தாரா இலைகளுக்கிடையே மிதந்தபடி மேலாக மேயும். மூழ்குவது மிக அரிது. சீழ்க்கைச் சிறகி செம்பழுப்பு நிறம், நீண்ட கழுத்து, கூட்டமாகச் சீழ்க்கையடித்தபடி பறக்கும். புள்ளிமூக்கு வாத்து இவற்றையெல்லாம்விடப் பெரியது. அதன் கறுப்பு அலகின் நுனி மஞ்சள். இந்த நான்கையும் பிரித்தறிந்துவிட்டால் செட்டிநாட்டில் ஆண்டு முழுவதும் காணக்கூடிய வாத்துகளில் பெரும்பகுதி கைவந்த மாதிரி. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, கிளுவை முதலியவை குளிர்கால விருந்தாளிகள். மழைக்காலத்தை ஒட்டி வந்து பங்குனி, சித்திரை வாக்கில் வடக்கே திரும்பிவிடும். அவற்றை அடுத்த ஆண்டு கற்றுக்கொள்ளலாம், அவசரமில்லை.

எந்தக் கண்மாய், எந்த மாதம்

செட்டிநாட்டுக்குப் பெரிய ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் பிடித்துவைத்துத்தான் இந்த நிலம் பிழைத்து வந்திருக்கிறது. ஆகவே பறவையின் நாட்காட்டியும் அதேதான். மார்கழியிலிருந்து மாசி வரை நீர் நிறைந்து, அல்லியும் கொட்டியும் படர்ந்திருக்கும் காலம் தொடங்குவதற்கு ஏற்றது. பங்குனிக்குப் பிறகு நீர் வற்ற வற்ற, மிச்சமிருக்கும் சில ஊருணிகளில் பறவைகள் கூடும். அப்போது எண்ணுவது எளிது. ஆனால் அதே நாட்களில்தான் மீன்பிடித் திருவிழாவும் வரும். ஊத்தாவும் வலையுமாக ஊரே கண்மாய்க்குள் இறங்கியிருக்கும் காலையில் குள்ளத் தாராவைத் தேடாதீர்கள். மீன் குழம்புக்கு வழி பாருங்கள்.

பைனாகுலரை முதன்முதலில் பழக்கிக்கொள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் நல்ல இடம். திருப்பத்தூரிலிருந்து மதுரை செல்லும் தடத்தில், கொள்ளுக்குடிப்பட்டியை ஒட்டிய கண்மாய்களைச் சேர்த்து 1977இல் அறிவிக்கப்பட்டது. பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. அங்கே கண்ணில் படுவதில் பெரும்பாலானவை நத்தைகுத்தி நாரை போன்ற பெரிய பறவைகள், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் ஆகியவை. திருப்பத்தூர் என்று சொல்லி டிக்கெட் எடுக்கும்போது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் என்பதை மறக்காதீர்கள். வேட்டங்குடியும் வேலங்குடியும் வேறு வேறு ஊர்கள். நகரத்தார் கோயில் இருக்கும் வேலங்குடியில் இறங்கிவிட்டுச் சரணாலயம் எங்கே என்று கேட்டால் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

சரணாலயம் பழகுவதற்குத்தான். உங்கள் கண்மாய் நடந்தோ சைக்கிளிலோ போகிற தொலைவில் இருக்க வேண்டும். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை எங்கே தங்கியிருந்தாலும் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்தால் சுற்றிலும் வில் வடிவக் கரைகள் தெரியும். அவற்றில் மூன்றைக் குறித்துக்கொண்டு ஒரு சுற்று போய்வாருங்கள். நீர்ப்பரப்பு முழுக்கத் திறந்து கிடப்பது வேண்டாம். கால்வாசி முதல் பாதிவரை அல்லி இலை மூடியிருப்பது நல்லது. கரையிலோ நீருக்குள்ளோ பொந்து விழுந்த பழைய மரம், மொட்டைப் பனை இருந்தால் இன்னும் நல்லது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆகாயத்தாமரை அடைத்த கண்மாயைத் தவிர்க்கலாம். அங்கே பறவை இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

கரையில் எங்கே நிற்பது

இந்த வட்டாரத்தில் நிலம் பொதுவாக மேற்கு, வடமேற்கிலிருந்து கிழக்கு, தென்கிழக்காகச் சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களின் கரை கிழக்கிலோ தெற்கிலோ இருக்கும். நீர் மேற்கே விரிந்திருக்கும். காலையில் கரை மேல் நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், பறவை மேல் முழு வெளிச்சம். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லா வாத்தும் கரிய நிழலுருவம்தான். ஆகவே விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடை இருக்கும் இடத்தில் கரையின் உட்பக்கம் கல் கட்டியிருக்கும். அந்த மறைவில் உட்கார்ந்துவிடுங்கள். கரை உச்சியில் நடந்துகொண்டே இருக்கும் மனித உருவம் வானத்தின் பின்னணியில் பளிச்சென்று தெரியும். கிளம்பாத பறவையும் கிளம்பிவிடும்.

8 மடங்கு உருப்பெருக்கமும், 42 மில்லிமீட்டர் முன்லென்சும் கொண்ட பைனாகுலர் போதும். இதைவிடப் பெரிய எண்கள் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம். தொப்பி, தண்ணீர், செருப்புக்குப் பதில் ஷூ. கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும்.

இன்னொரு வேலை பைனாகுலரை எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கண்மாய் மீன் பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, பெரும்பாலும் ஏலத்தில் போயிருக்கும். எடுத்தவருக்கு, கரையில் கருவியோடு உட்கார்ந்திருக்கும் புதிய ஆள் மேல் சந்தேகம் வருவது இயற்கை. “ஐயா, வாத்து எண்ண வந்திருக்கிறேன்” என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஒரு முறை சிரிப்பார்கள். அடுத்த முறை “இன்றைக்கு அந்த மூலையில் நிற்கிறது” என்று அவர்களே காட்டுவார்கள். ஊருணி என்றால் கூடுதல் மரியாதை வேண்டும். அது குடிநீர். படியில் இறங்கும் முன் செருப்பைக் கழற்றிவிடுங்கள். குடத்தோடு வரும் ஆச்சிமார் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். தைப்பொங்கலை ஒட்டி மஞ்சுவிரட்டு நடக்கும் ஊர்களில் பொட்டலும் கண்மாய்க் கரையும் கூட்டமாகிவிடும். அந்த நாட்களில் வேறு கண்மாய்க்குப் போங்கள்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்

தேதி, நேரம், கண்மாயின் பெயர், ஊர், எத்தனை ஆண், எத்தனை பெண், குஞ்சு இருந்ததா, நீர் எந்த மட்டம். இவை கட்டாயம். நீர்மட்டத்தை, மிகைநீர் வெளியேறும் கலுங்கை வைத்துச் சொல்லலாம்: கலுங்கு வழிகிறது, கலுங்குக்கு ஒரு முழம் கீழே, மடைக்கால் தெரிகிறது என்பது போல. அல்லி எவ்வளவு மூடியிருக்கிறது, தூர் வாரியிருக்கிறார்களா, கருவேலம் வெட்டினார்களா என்பதையும் சேர்த்தால், பறவை ஏன் வந்தது, ஏன் போனது என்று பின்னால் யோசிக்க ஏதாவது கையில் இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பறவை இல்லாத நாளையும் எழுதுவது. “குள்ளத் தாரா: 0” என்று எழுத யாருக்கும் கை வருவதில்லை. கங்கைச் சமவெளியிலும் வங்காளத்திலும் இளஞ்சிவப்புத் தலை வாத்து என்று ஒன்று இருந்தது. வேட்டைக்காரர்கள் சுட்டார்கள், அருங்காட்சியகங்கள் தோல் சேர்த்தன. உறுதியாகச் சொல்லத்தக்க கடைசிக் காட்சி 1935இல், பீகாரின் தர்பங்கா பகுதியில். அது எந்த ஏரியிலிருந்து எந்த ஆண்டு மறைந்தது என்று இன்று கோர்த்துச் சொல்ல முடியாது. பார்த்தவர்கள் குறித்தார்கள், போய்ப் பார்த்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் குறிக்கவில்லை. குள்ளத் தாராவுக்கு அப்படிப்பட்ட நெருக்கடி இப்போது இல்லை. உலக அளவில் அது கவலைக்குரிய பட்டியலில் கிடையாது. ஆனால் ஒரு கண்மாயின் கணக்கு உலகக் கணக்கில் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும், பறவை பார்ப்பவர்களின் குறிப்புகளைச் சேர்க்கும் இபேர்ட் இணையத்தளத்தில் பதியுங்கள். அங்கே, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். உண்மையாகவே எல்லாவற்றையும் பதிந்திருந்து ‘ஆம்’ என்று சொன்னால்தான் உங்கள் பட்டியலில் இல்லாத பறவை ‘இல்லை’ என்று கணக்கில் ஏறும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987இலிருந்து நடந்துவருவது. வனத்துறையும் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. ஒரு நாள் அவர்களோடு சேர்ந்து போனால், கூட்டமாக மிதப்பதைப் பத்துப் பத்தாக எண்ணும் வித்தை வந்துவிடும்.

பழைய ஏடுகளில் தேடுவது

வெயில் ஏறிய பிறகு செய்கிற வேலை இது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

குள்ளத் தாராவுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் ஜெர்மானியரான க்மெலின், ஆண்டு 1789. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பிறர் எழுதி வைத்த விவரங்களைத் தொகுத்து, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் நூலை விரித்துப் பதிப்பித்தபோது இதற்கும் ஓர் இடம் கொடுத்தார். அந்தப் பெயரில் நம் சோழமண்டலக் கரை, கோரமண்டலாக இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலிலும், ஹ்யூமும் மார்ஷலும் 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்த வேட்டைப் பறவைகள் நூலிலும், ஸ்டூவர்ட் பேக்கர் 1908இல் வெளியிட்ட இந்திய வாத்துகள் நூலிலும் இதைத் தேடிப் படிக்கலாம். பதிப்புரிமைக் காலம் முடிந்த இத்தகைய நூல்கள் இணையத்தில் பல்லுயிர் மரபு நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தேடுவதற்குச் சில சாவிகள் வேண்டும். இன்று ஆங்கிலத்தில் ‘காட்டன் பிக்மி கூஸ்’ என்கிறார்கள். பழைய நூல்களில் அது ‘காட்டன் டீல்’. இன்றைய அறிவியல் பெயர் நெட்டாப்பஸ் கோரமண்டலியானஸ். க்மெலின் வைத்தது அனாஸ் என்ற பேரினத்தில். ஊர்ப் பெயர் அதைவிடச் சிக்கல். சிவகங்கை மாவட்டம் 1985இல் பிறந்தது. அதற்கு முன் இப்பகுதி ராமநாதபுரம் மாவட்டம், நூல்களில் ‘ராம்நாட்’. அந்த மாவட்டமே 1910இல்தான் உருவாயிற்று. அதற்கும் முன் ‘மதுரா’. செட்டிநாட்டின் வடபகுதி 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். ஆகவே ‘செட்டிநாடு’, ‘காரைக்குடி’ என்று மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். சிவகங்கை என்பதையே ‘ஷிவகங்கா’, ‘சிவகுங்கா’ என்று அவரவர் காதுக்கு ஏற்ப எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். 1906இல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியர், புதுக்கோட்டை சமஸ்தான மானுவல் போன்ற அரசு நூல்களில் பறவைக்குக் கிடைக்கும் இடம் சொற்பமாகவே இருக்கும். கண்மாய்களைப் பற்றிய செய்திக்காக அவற்றைப் படியுங்கள். எந்தக் கண்மாய் எவ்வளவு பழையது, எந்த ஆண்டு பஞ்சம், எந்த ஆண்டு வெள்ளம் என்று தெரிந்தால் வாத்துக்கும் கணக்குத் தெரியும்.

தமிழ் அச்சு நூல்களுக்குக் கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த சேகரம் இருக்கிறது: ரோஜா முத்தையா. அவர் மறைவுக்குப் பிறகு அந்தச் சேகரம் சென்னையில் 1994இல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. சென்னைக்குப் போகும்போது ஒரு பகல் ஒதுக்கலாம். பக்கத்திலேயே வேண்டுமென்றால் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகம், 1910இல் தொடங்கப்பட்டது. அங்கே விலங்கியல் பிரிவில் பதப்படுத்திய உயிரினங்களைப் பார்ப்பது, அளவு பற்றிய கண்ணளவைச் சரிசெய்ய உதவும்.

பழைய குறிப்புகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். எழுதியவர்களில் பெரும்பாலோர் கையில் துப்பாக்கி இருந்தது. சுடத்தகுந்த பெரிய வாத்துகள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், தோட்டாச் செலவுக்குக்கூடக் கட்டாத சிறு பறவையைப் பற்றிக் குறைவாக எழுதினால் அது குறைவாக இருந்தது என்று பொருளல்ல. “சாதாரணமாகக் காணப்படுவது” என்ற வரியும் அப்படித்தான். அந்த எழுத்தாளர் முகாமிட்ட மாதத்தில், அவர் போன ஏரியில் சாதாரணம். ஒவ்வொரு குறிப்போடும் யார், எங்கே, எந்த மாதம், எதற்காகப் போனார் என்ற நான்கையும் எழுதிவைக்காவிட்டால் அதை உங்கள் நோட்டோடு ஒப்பிட முடியாது.

பெரியவர்களிடம் கேட்பது

கண்மாய் நீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டி, ஆடு மேய்ப்பவர், மீன் ஏலம் எடுத்தவர், ஊருணிக்குத் தண்ணீருக்கு வந்து பழகிய ஆச்சி. இவர்களிடம் உள்ள நினைவு எந்த நூலிலும் இல்லை. படத்தைக் காட்டி “இதைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று முதலிலேயே கேட்டுவிடாதீர்கள். வீடு தேடி வந்தவர் முகம் வாடக் கூடாது என்று ‘ஆமாம்’ சொல்லிவிடுவார்கள். “இந்தக் கண்மாயில் என்னென்ன வாத்து இருந்தது? மரத்தில் அடைகிற வாத்து உண்டா?” என்று திறந்த கேள்வியாகக் கேளுங்கள். அவர்களாக அளவும் நிறமும் சொன்ன பிறகு, நான்கைந்து படங்களைக் கலந்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஆண்டு கேட்டால் வராது. “தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா, பின்னாலா?” என்று கேட்டால் உடனே வரும், அது 1964 டிசம்பர். கண்மாய் உடைந்த வருடம், கோயில் கும்பாபிஷேகம், மூத்த பிள்ளை பிறந்த வருடம் எல்லாம் இப்படிப்பட்ட அடையாளக் கற்கள்தான்.

பொந்து

குள்ளத் தாரா தரையில் கூடு வைப்பதில்லை. நீருக்கு அருகே மரப்பொந்தில் முட்டையிடும். பொந்தில் பிறந்த குஞ்சு எப்படி நீருக்கு வருகிறது என்பது பற்றி, பழைய காலத்தில் தாய் அலகில் தூக்கி வரும், முதுகில் சுமக்கும் என்றெல்லாம் பேச்சு உண்டு. மரப்பொந்தில் பிறக்கும் வாத்துக் குஞ்சுகள் பொதுவாகத் தாமே குதிக்கின்றன. பஞ்சு போல எடையற்ற உடம்பு என்பதால் அடிபடுவதில்லை. பட்ட மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் துப்புரவு ஆர்வம் இந்தப் பறவைக்கு எதிரி. கரையில் ஒரு மொட்டைப் பனையோ பட்ட மருதமோ நிற்பதில் ஊருக்கு நட்டமில்லை என்று ஊராட்சியில் சொல்லிப் பாருங்கள்.

வட இந்தியாவில் இதன் இனப்பெருக்கம் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியது. நமக்கோ பெருமழை ஐப்பசியில்தான். ஆகவே ஜோடியாகப் பொந்தைச் சுற்றி வந்தது எந்த மாதம், குஞ்சோடு பார்த்தது எந்த மாதம் என்ற உங்கள் குறிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. அதற்காகப் பொந்துக்குள் கைபேசியை நுழைக்க வேண்டாம். பறவை பொந்துக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள். முட்டை எடுப்பதும் பறவையைப் பிடிப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒலிப்பதிவை ஓடவிட்டு வரவழைப்பது, டிரோனைப் பறக்கவிட்டுக் கிளப்புவது இரண்டும் எனக்கு அறவே பிடிக்காதவை. பொதுவில் பதியும்போது கூட்டின் சரியான இடத்தைப் போடாமல் கண்மாயின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நோட்டைக் காப்பது

காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவராக நாம் பாடப் புத்தகத்தில் படிக்கும் ஹ்யூமும் மேலே சொன்ன பறவை ஹ்யூமும் ஒரே ஆள்தான். இந்தியப் பறவைகள் பற்றி ஒரு பெருநூல் எழுத இருபத்தைந்து ஆண்டுகள் போலச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் சிம்லாவில் இல்லாத சமயம் வேலையாள் ஒருவர் பழைய தாள் என்று கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார். அதன் பிறகு மனம் விட்டுப்போய், 1885இல் தன் பறவைத் தோல் சேகரத்தை லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். நூல் வரவே இல்லை.

உங்கள் நோட்டை மாதம் ஒரு முறை பக்கம் பக்கமாகப் படமெடுத்து வேறொருவர் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். பென்சிலில் எழுதுங்கள், மழையில் நனைந்தால் பேனா மை ஓடிவிடும். ஆண்டு முடிவில் ஒரு நகலெடுத்து, கண்மாயின் பெயரையும் ஆண்டையும் அட்டையில் பெரிதாக எழுதி, அந்த ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கொடுத்து, வாங்கியவர் கையெழுத்தை உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.